ஒரே வைஃபையில் பல கணினிகள்: ஒன்றில் வந்த வைரஸ் மற்றதற்குத் தாவுமா?

வீட்டில் ஒரு ரவுட்டர். அதில் இரண்டு மூன்று கணினிகள், எல்லாருடைய போன்கள், டிவி, பிரின்டர், ஒருவேளை ஒரு கேமரா. இவற்றில் ஒன்றில் வைரஸ் புகுந்தால் மற்றவையும் கெட்டுவிடுமா?

ஒரே வைஃபையில் இருப்பதாலேயே எதுவும் தொற்றிவிடாது. வைரஸும் ஒரு புரோகிராம்தான். அது பக்கத்துக் கணினிக்குப் போய் அங்கே ஓட வேண்டுமென்றால், அங்கே ஏதாவது ஒரு வழி திறந்திருக்க வேண்டும். பெரும்பாலும் அது அப்டேட் செய்யாமல் விட்ட ஓட்டையாக இருக்கும். இல்லையென்றால் எல்லாருக்கும் திறந்துவிட்ட ஃபோல்டர், சுலபமாக ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்ட், கைக்குக் கை மாறும் பென்டிரைவ். ஒரே நெட்வொர்க்கில் இருப்பது இந்த வழிகளைத் தேடும் வேலையை வைரஸுக்கு மிகவும் சுலபமாக்கிவிடுகிறது. பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

ரவுட்டர் எந்தப் பக்கம் காவல் நிற்கிறது

ரவுட்டர் வீட்டில் உள்ள ஒவ்வொரு சாதனத்துக்கும் 192.168.1.5 என்பது போன்ற ஓர் உள்முகவரியைக் கொடுக்கிறது. வெளி இணையத்துக்கு இந்த எண்கள் தெரியாது. வீடு முழுவதும் ஒரே வெளிமுகவரியாகத்தான் தெரியும். உள்ளேயிருந்து ஒரு கணினி ஏதாவது கேட்டால், வரும் பதிலை யாரிடம் கொடுப்பது என்று ரவுட்டர் நினைவில் வைத்திருக்கும். யாரும் கேட்காமல் வெளியிலிருந்து ஒரு தரவு வந்து தட்டினால், அதை யாருக்கு அனுப்புவதென்று அதற்குத் தெரியாது. அப்படியே கீழே போட்டுவிடும்.

இது சின்ன விஷயமில்லை. 2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர் என்ற வைரஸ், இணையத்தில் நேரடியாக இணைந்திருந்த விண்டோஸ் கணினிகளை, உரிமையாளர் எதையும் கிளிக் செய்யாமலே பிடித்தது. அப்படி வருவதை இன்றைய வீட்டு ரவுட்டர் வாசலிலேயே நிறுத்திவிடும்.

ஆனால் இந்தக் காவல் வெளியே பார்த்து மட்டும்தான். உள்ளே ஒரு கணினி இன்னொரு கணினிக்கு அனுப்புவதை ரவுட்டர் சோதிப்பதில்லை. வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடும். தெருக்கதவுக்குப் பெரிய பூட்டு, உள்ளே எந்த அறைக்கும் கதவே இல்லை என்பது மாதிரி. வெளியில் எங்கேயோ வைரஸைப் பிடித்துக்கொண்ட லேப்டாப் ஒன்று மாலையில் வீட்டு வைஃபையில் இணைகிறது என்று வையுங்கள். அது தெருக்கதவைத் தாண்டியாகிவிட்டது.

அதனால் வீட்டு நெட்வொர்க்கைப் பற்றி யோசிக்கும்போது நான் பிடித்துக்கொள்ளும் விதி ஒன்றுதான்: ஒவ்வொரு கணினியையும், பக்கத்தில் இருப்பதில் ஏற்கெனவே வைரஸ் வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு அமைக்க வேண்டும்.

உள்ளே வந்தது எப்படி நடமாடும்

2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாக்ரை இதைப் புரிந்துகொள்ள நல்ல உதாரணம். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அது. விண்டோஸ் கணினிகள் ஒன்றோடொன்று ஃபோல்டர்களைப் பகிர்ந்துகொள்ள எஸ்எம்பி என்ற முறையைப் பயன்படுத்துகின்றன. அதற்கான வாசல் 445 என்ற எண்ணுள்ள போர்ட். வான்னாக்ரை ஒரு கணினியில் உட்கார்ந்ததும் அதே நெட்வொர்க்கில் உள்ள முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கும். வழக்கமான வீட்டு நெட்வொர்க்கில் 192.168.1.1 முதல் 192.168.1.254 வரை மொத்தமே 254 முகவரிகள். ஒரு புரோகிராமுக்கு அது எம்மாத்திரம்? 445 திறந்திருந்து, பழைய எஸ்எம்பியில் இருந்த ஓட்டையும் அடைபடாமல் இருந்தால் உள்ளே போய்விடும். அங்கே யாரும் எதையும் திறக்க வேண்டியதில்லை. கணினி ஆன் ஆகியிருந்தால் போதும்.

அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. ஏறக்குறைய இரண்டு மாத அவகாசம். பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை அந்த அப்டேட் போடாத விண்டோஸ் 7 கணினிகள்.

சரி, எல்லாவற்றையும் அப்டேட் செய்துவிட்டால் முடிந்ததா? அதே ஆண்டு ஜூன் 27 அன்று வந்த நாட்பெட்யா, அது போதாது என்று காட்டியது. அதே ஓட்டையைப் பயன்படுத்தியதோடு, பிடித்த கணினியின் நினைவகத்திலிருந்து பயனர் பெயர், பாஸ்வேர்ட் விவரங்களையும் திருடியது. அவற்றை வைத்துக்கொண்டு, முறையாக அப்டேட் செய்யப்பட்ட கணினிகளுக்குள்ளும் முறையான பயனரைப் போலவே நுழைந்தது. வீட்டில் எல்லாக் கணினிகளிலும் ஒரே அட்மின் பெயர், ஒரே பாஸ்வேர்ட் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

பாஸ்வேர்டைத் திருடாமல் ஊகித்தே நுழைபவையும் உண்டு. 2008 நவம்பரில் தோன்றிய கான்ஃபிக்கர், பின்னால் வந்த வடிவங்களில், பலரும் வைக்கும் எளிய பாஸ்வேர்டுகளின் பட்டியல் ஒன்றையே கூடக் கொண்டுவந்தது. 12345, அட்மின் போன்றவை எல்லாம் அதில் உண்டு. நெட்வொர்க்கில் தெரியும் கணினிகளில் அவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும். பென்டிரைவ் மூலமும் பரவும்.

பகிர்ந்த ஃபோல்டர்

வீடுகளில் நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். ஏனென்றால் இங்கே வைரஸ் தாவவே வேண்டியதில்லை.

கூடத்தில் உள்ள கணினியில் குடும்பப் படங்கள் இருக்கின்றன. அந்த ஃபோல்டரைப் பகிர்ந்து, லேப்டாப்பில் இசட் என்ற டிரைவாகத் தெரியும்படி வைத்திருக்கிறீர்கள். லேப்டாப்பில் ஒரு ரான்சம்வேர் ஓடுகிறது. அது சி டிரைவில் உள்ள படங்களையும் ஆவணங்களையும் பூட்டி முடித்துவிட்டு, வேறு என்ன டிரைவ் இருக்கிறது என்று பார்க்கும். இசட் கண்ணில் படும். அது உண்மையில் வேறொரு கணினியில் இருக்கிறது என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஒவ்வொரு படமாகத் திறக்கும், பூட்டி எழுதும், பழையதை அழிக்கும். இத்தனைக்கும் கூடத்துக் கணினியில் எந்த வைரஸும் ஓடவில்லை. அங்குள்ள ஆன்டிவைரஸைப் பொறுத்தவரை, எழுத அனுமதி பெற்ற ஒரு பயனர் நெட்வொர்க் வழியாக வந்து தன் கோப்புகளை மாற்றிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

இதற்கு மருந்து அனுமதியைக் குறைப்பது. படங்கள், பாடங்கள், வீடியோக்கள் எல்லாம் மற்றவர்கள் பார்க்க வேண்டியவை. மாற்ற வேண்டியவை இல்லை. ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து பிராபர்ட்டீஸ், ஷேரிங், அட்வான்ஸ்டு ஷேரிங், பெர்மிஷன்ஸ் என்று போனால், யாருக்கு என்ன அனுமதி என்பது தெரியும். அங்கே எவ்ரிஒன் என்ற பெயருக்கு நேராக ஃபுல் கன்ட்ரோல் டிக் ஆகியிருந்தால் அதை எடுத்துவிட்டு ரீட் மட்டும் விடுங்கள். கோப்பு போட்டு வாங்க ஓர் இடம் வேண்டுமென்றால், அதற்கென்று ஒரே ஒரு காலி ஃபோல்டரை எழுதும் அனுமதியோடு வையுங்கள். அதில் எதையும் நிரந்தரமாகச் சேர்த்து வைக்காதீர்கள். முழு டிரைவையும் பகிர்வது வேண்டவே வேண்டாம். பாஸ்வேர்டோடு பகிரும் அமைப்பை, கேட்கும்போதெல்லாம் தொந்தரவாக இருக்கிறதென்று பலர் அணைத்துவிடுகிறார்கள். அதை ஆனிலேயே வையுங்கள்.

இப்போது என்னென்ன பகிரப்பட்டிருக்கிறது என்று தெரியவில்லையா? கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்டில் ஷேர்டு ஃபோல்டர்ஸ் என்ற பகுதியில் முழுப் பட்டியலும் இருக்கும். பெயரின் கடைசியில் டாலர் குறி இருப்பவை பெரும்பாலும் விண்டோஸ் தானாகவே உண்டாக்கியவை, அவற்றை விட்டுவிடலாம். மற்றவற்றில், எப்போதோ எதற்கோ பகிர்ந்து மறந்துபோனது ஒன்றாவது இருக்கும்.

நேர்மையாகச் சொன்னால், இன்று பல வீடுகளில் ஃபோல்டர் பகிர்வு தேவையே இல்லை. கோப்புகள் கிளவுட் வழியாகவே போய்வருகின்றன. உங்கள் வீடும் அப்படியென்றால் ஒரே ஒரு மாற்றம் போதும். விண்டோஸில் செட்டிங்ஸ் போய், நெட்வொர்க் பகுதியில், இணைந்திருக்கும் வைஃபையைத் திறந்தால் பப்ளிக், பிரைவேட் என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். பெயரைப் பார்த்து, ‘நம் வீடுதானே’ என்று பிரைவேட்டைத் தேர்ந்தெடுப்பவர்கள்தான் அதிகம். பிரைவேட் என்றால், பக்கத்தில் உள்ள கணினிகளை நம்பலாம் என்று விண்டோஸுக்குச் சொல்கிறீர்கள். பப்ளிக் என்றால், உங்கள் கணினி மற்றவற்றின் கண்ணில் படாமல் ஒதுங்கி, கேட்காமல் வரும் இணைப்புகளை, கணினிக்குள்ளேயே காவல் நிற்கும் ஃபயர்வாலிலேயே தடுத்துவிடும். இணையம் உலாவுவதில் எந்த வித்தியாசமும் தெரியாது. பகிர்வு தேவைப்படாத எல்லாக் கணினிகளிலும் பப்ளிக்கையே வைத்துவிடுங்கள். மேக்கில், ஷேரிங் பக்கத்தில் ஃபைல் ஷேரிங்கை அணைத்துவிட்டு, ஃபயர்வாலை ஆன் செய்யுங்கள். அங்கே அது தானாக ஆன் ஆகியிருக்காது.

ஒவ்வொரு கணினியிலும்

அப்டேட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: தானியங்கியாக வைத்துவிட்டு, ரீஸ்டார்ட் கேட்டால் அதை நாட்கணக்கில் தள்ளிப்போடாமல் இருந்தால் போதும். தலைவலி பழைய கணினிகளில்தான். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்டன. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கு, தனியாக நீட்டிப்பு பெற்றால் ஒழிய, அடைப்பு வராது. ‘அதில் முக்கியமாக ஒன்றுமில்லை, பசங்க விளையாடத்தான்’ என்று வைத்திருக்கும் பழைய கணினி, மற்ற எல்லாவற்றோடும் ஒரே நெட்வொர்க்கில் இருப்பதுதான் சிக்கல். அதைத் தனியே பிரித்து வைக்க வழி இருக்கிறது. கொஞ்சம் கழித்து வருகிறேன்.

விண்டோஸ் 8 முதல் ஆன்டிவைரஸ் விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. சாதாரண வீட்டுப் பயன்பாட்டுக்கு அது போதும் என்பதே என் கருத்து. காசு கொடுத்து வேறொன்று போடுவதில் தவறில்லை. ஆனால் இரண்டை ஒன்றாக ஓடவிடாதீர்கள். ஒன்றையொன்று சந்தேகப்பட்டுக் கணினியை மந்தமாக்கும். புதுக் கணினியோடு வரும் சோதனைப் பதிப்புகளில் ஒரு கண் வையுங்கள்: காலம் முடிந்த பிறகும் மூலையில் ஐகான் மட்டும் உட்கார்ந்திருக்கும். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, இப்போது காவலில் இருப்பது எது என்று பார்த்துவிடுவது நல்லது. உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று சோதிக்க ஐகார் என்ற சோதனைக் கோப்பு இருக்கிறது. 68 எழுத்துகள் கொண்ட, எந்தத் தீங்கும் செய்யாத ஒரு வரிதான் அது. அதைச் சேமித்தவுடன் ஆன்டிவைரஸ் சத்தம் போட வேண்டும்.

விண்டோஸ் செக்யூரிட்டியிலேயே கன்ட்ரோல்டு ஃபோல்டர் அக்சஸ் என்ற வசதியும் இருக்கிறது. 2017 கடைசியில் விண்டோஸ் 10-இல் வந்தது. முன்பின் தெரியாத புரோகிராம்கள் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களில் கைவைப்பதை இது தடுக்கும். வரும்போது அணைந்தே இருக்கும். ஆன் செய்தால் முதலில் சில நல்ல புரோகிராம்களையும் தடுத்து எரிச்சலூட்டும். அவற்றுக்கு ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால் அப்புறம் தொல்லை இருக்காது.

அன்றாட வேலைக்கு அட்மின் கணக்கைப் பயன்படுத்தாமல் இருப்பது அதைவிட முக்கியம். ஒவ்வொருவருக்கும் ஸ்டாண்டர்டு கணக்கு, அட்மின் தனியாக. நாட்பெட்யா செய்ததுபோல நினைவகத்திலிருந்து பாஸ்வேர்டைத் திருடவும், ஆன்டிவைரஸை அணைக்கவும் அட்மின் உரிமை வேண்டும். சின்னவர்கள் புதிதாக எதையாவது நிறுவும்போதெல்லாம் பெரியவர்களைத் தேடி வர வேண்டியிருக்கும். வரட்டுமே.

அப்புறம் கிராக். காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளையோ கேமையோ இலவசமாக இறக்கும்போது, கூடவே ‘நிறுவுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைக்கவும்’ என்று ஒரு குறிப்பு இருக்கும். வீட்டுக் கணினிகளுக்குள் நோய் வரும் பாதைகளில் இது மிகவும் பழகிய பாதை. இங்கே ஓட்டையும் தேவையில்லை, ஊகமும் தேவையில்லை. உரிமையாளரே கூப்பிட்டு உட்கார வைக்கிறார்.

ரவுட்டரும் ஒரு கணினிதான்

2007 முதல் 2011 வரை இயங்கிய டிஎன்எஸ்சேஞ்சர் கும்பலின் வேலை வித்தியாசமானது. ஓர் இணையதளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண் முகவரியைத் தேடிக் கொடுப்பது டிஎன்எஸ். அந்தக் கேள்விகள் தங்கள் சர்வருக்கே வரும்படி அவர்கள் கணினிகளின் அமைப்பை மாற்றினார்கள். ரவுட்டரில் தொழிற்சாலை பாஸ்வேர்ட் மாறாமல் இருந்தால் அங்கேயும் மாற்றினார்கள். ரவுட்டரில் மாறிவிட்டால் என்ன ஆகும்? வீட்டில் உள்ள எந்தக் கணினியிலும் வைரஸ் இருக்காது, ஸ்கேன் செய்தால் ஒன்றும் காட்டாது. ஆனால் எல்லாமே அவர்கள் காட்டும் பக்கத்துக்குப் போய்க்கொண்டிருக்கும்.

ஆகவே ரவுட்டரின் அட்மின் பக்கத்துக்குள் போய், அந்த பாஸ்வேர்டை மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்ட் வேறு, இது வேறு. ரவுட்டரை இயக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் தானாக அப்டேட் ஆகும் வசதி இருந்தால் ஆன் செய்யுங்கள். வெளியிலிருந்து நிர்வகிக்கும் ரிமோட் மேனேஜ்மென்ட்டை அணையுங்கள். உள்ளே ஓடும் எந்தப் புரோகிராமும் கேட்டமாத்திரத்தில் வெளிக்கு வாசல் திறந்துவிடும் யூபிஎன்பியையும், தேவை இல்லையென்றால் அணையுங்கள். சில ஆன்லைன் விளையாட்டுகள் முனகும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். டபிள்யூபிஎஸ் என்பது வைஃபை பாஸ்வேர்டைப் போடாமலே சாதனங்களை இணைக்கும் வசதி. அதன் எட்டு இலக்க பின் எண்ணை ரவுட்டர் இரண்டு பாதிகளாகச் சரிபார்க்கிறது என்பதும், அதனால் அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் கண்டுபிடித்துவிடலாம் என்பதும் 2011 முதல் ஊரறிந்த விஷயம். அதையும் அணைத்துவிடலாம். வைஃபை பெயரை மறைத்து வைப்பதில் பெரிய பயன் ஒன்றுமில்லை. தேடுபவர்களுக்கு அது தெரிந்துவிடும். நீளமான பாஸ்வேர்டும் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 பாதுகாப்பும்தான் வேலைக்கு ஆகும்.

தனியே பிரித்து வைப்பதாகச் சொன்னேனே, அதற்கு கெஸ்ட் நெட்வொர்க். பெரும்பாலான ரவுட்டர்களில் இந்த வசதி இருக்கிறது. அதே ரவுட்டரிலிருந்து வேறு பெயரில் இன்னொரு வைஃபை. அதில் இணைபவற்றுக்கு இணையம் கிடைக்கும், ஆனால் முக்கிய நெட்வொர்க்கில் உள்ள கணினிகளை அணுக முடியாது. விருந்தாளிகளின் போன், ஆதரவு முடிந்த பழைய கணினி, டிவி, கேமரா எல்லாவற்றையும் அங்கே தள்ளிவிடுங்கள். கேமரா எதற்கு என்று தோன்றலாம். 2016-இல் வந்த மிராய், தொழிற்சாலையில் வைக்கப்படும் சுமார் 60 பயனர் பெயர், பாஸ்வேர்ட் இணைகளை மட்டும் போட்டுப் பார்த்தே ஏராளமான இணையக் கேமராக்களையும் வீடியோ பதிவுப் பெட்டிகளையும் கைப்பற்றியது. அவற்றைக் கொண்டு அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று டைன் என்ற டிஎன்எஸ் நிறுவனத்தைத் தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே பலருக்குக் கிடைக்காமல் போயின. கெஸ்ட் நெட்வொர்க்கில் ஒரு சங்கடமும் உண்டு: டிவி அங்கும் போன் இங்கும் இருந்தால், போனிலிருந்து படத்தை டிவிக்கு அனுப்புவது வேலை செய்யாது. அந்த வசதி வேண்டுமா, பிரிவினை வேண்டுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நானாக இருந்தால் டிவியை விட்டுக்கொடுப்பேன், கேமராவை மாட்டேன்.

பேக்கப்

எப்போதும் செருகியே இருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க் பேக்கப் ஆகாது. ரான்சம்வேருக்கு அது இன்னொரு டிரைவ். இசட்டைப் போலவே அதையும் பூட்டும். பேக்கப் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் செருகி, முடிந்ததும் கழற்றி வைக்க வேண்டும். வீட்டில் எல்லாருக்கும் பொதுவாக, நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டியான நாஸ் வைத்திருப்பவர்களும் இதையே நினைவில் கொள்ளுங்கள். அதை வெளியிலிருந்து பார்க்கும்படி இணையத்துக்கு நேரடியாகத் திறந்தும் விடாதீர்கள். 2022-இல் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் அப்படித் திறந்து கிடந்த பெட்டிகளைத்தான் தேடித் தேடிப் பூட்டியது. கிளவுடில் தானாகச் சேரும் கோப்புகளில், பூட்டப்பட்ட வடிவமே மேலே ஏறிவிடும். ஆனால் பல சேவைகள் பழைய வடிவங்களைக் கொஞ்ச காலம் வைத்திருக்கும். உங்களுடையது எவ்வளவு காலம் வைத்திருக்கிறது என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

ஒன்றில் வந்துவிட்டால்

முதல் வேலை, அந்தக் கணினியின் வைஃபையை அணைப்பது அல்லது கேபிளைப் பிடுங்குவது. ஸ்கேன் எல்லாம் அப்புறம். நெட்வொர்க்கிலிருந்து விலகிவிட்டால் அதனால் மற்றவற்றைத் தொட முடியாது. ‘முக்கியமான ஃபைலை மட்டும் காப்பாற்றிவிடலாம்’ என்று அதில் பென்டிரைவைச் செருகி அடுத்த கணினிக்குக் கொண்டுபோவதுதான் இந்த நேரத்தில் பலருக்கும் வரும் யோசனை. வேண்டாம்.

மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை வேறொரு சுத்தமான கணினியிலிருந்தோ போனிலிருந்தோ மாற்றுங்கள். கெட்டுப்போன கணினியில் மாற்றினால் புதியதும் திருடு போகும். பிறகு மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேனை ஓடவிடுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியின் ஸ்கேன் தேர்வுகளில் இருக்கும். விண்டோஸ் முழுதாக எழுந்திருப்பதற்கு முன்பே சோதிப்பதால், ஒளிந்துகொள்ளும் வைரஸ்களும் சிக்கும். கால் மணி நேரம் போல ஆகும். அதே வேளையில் வீட்டில் உள்ள மற்றக் கணினிகளிலும் முழு ஸ்கேன் ஓடட்டும். ரவுட்டருக்குள் போய் டிஎன்எஸ் முகவரி மாறியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

வந்தது ரான்சம்வேர் என்றால், பணம் கொடுப்பதைப் பற்றி யோசிக்கும் முன் நோ மோர் ரான்சம் தளத்தைப் பாருங்கள். நெதர்லாந்து காவல்துறையும் யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016-இல் தொடங்கியது. பூட்டுத் திறக்கும் முறை தெரிந்துவிட்ட பல ரான்சம்வேர்களுக்கு அங்கே இலவசக் கருவிகள் கிடைக்கும். உங்களுக்கு வந்ததற்கு இன்று இல்லையென்றாலும், பூட்டிய கோப்புகளை ஒரு டிஸ்கில் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். சில மாதங்கள் கழித்துக் கருவி வந்த சந்தர்ப்பங்கள் உண்டு.

மனதுக்குச் சந்தேகம் தீராவிட்டால் டிஸ்கை முழுக்க அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே மேல். நிறுவியதும் கெஸ்ட் நெட்வொர்க்கில் இணைத்து, எல்லா அப்டேட்டையும் அங்கேயே முடியுங்கள். பேக்கப்பிலிருந்து படங்களையும் ஆவணங்களையும் மட்டும் எடுங்கள். பழைய செட்டப் ஃபைல்களையும் கிராக்குகளையும் விட்டுவிடுங்கள். ஒருமுறை ஸ்கேன் செய்துவிட்டு, அப்புறம் முக்கிய வைஃபையில் சேர்த்துக்கொள்ளலாம்.